புகைக்குழாயில் ஒரு பெட்டி: பந்தயக் கார்ப் பிரியர் இயூஜின் ஹூட்ரியின் வாழ்க்கை

1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களின் புகை மறந்திருக்காது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களும் சிறிய மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. சூப்பிப் போத்தலில் இருந்த கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விட்டார்கள். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு என்று தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்த சனங்களும் அந்த வாகனங்களில்தான் நோயாளிகளையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றினார்கள்.

எங்கள் கராஜ்காரர்களின் கைத்திறன் அந்தக் காலத்தில்தான் பெயர் பெற்றது. இல்லாத பாகத்துக்குப் பதில் இன்னொன்றைப் பொருத்துவது, தேவையில்லாததைக் கழற்றுவது, ஒன்றைச் சுற்றி இன்னொரு வழியில் குழாய் போடுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலையாயிற்று. அது உயிர் வாழ்வதற்காகக் கற்ற கலை.

அதே கலை இன்று வேறொரு வேலைக்கும் பயன்படுகிறது. யப்பானிலிருந்து வந்த பாவித்த கார்களின் அடியில், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையில், ஓர் உலோகப் பெட்டி இருக்கும். கற்றலிற்றிக் கொன்வேட்டர் என்பது அதன் பெயர். தமிழில் ஊக்கி மாற்றி என்று சொல்லலாம். கார் இழுக்கவில்லை என்று சிலர் அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை ஒட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் விலை உயர்ந்த உலோகத்துக்காக விற்பவர்களும் உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கோ அது வேகத்தையும் எஞ்சினின் ஓசையையும் மறிக்கும் ஓர் அடைப்பு.

அந்தப் பெட்டியின் தொடக்கத்தில் நிற்கும் மனிதரும் ஸ்போர்ட்ஸ் கார்ப் பைத்தியம்தான். போரில் காயப்பட்டவர், போர்க்களத்தில் வாகனம் திருத்தியவர், சொந்த நாட்டின் குடியுரிமை பறிக்கப்பட்டவர். அவர் பெயர் இயூஜின் ஹூட்ரி.

டொமோனில் பிறந்தவர்

பாரிஸின் லா சப்பல் பகுதியை அறியாத ஈழத்தமிழர் குறைவு. அதற்குப் பக்கத்தில் உள்ள கார் து நோர் நிலையத்திலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் ஏறினால் டொமோன் என்ற ஊர் வரும். பாரிஸிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். 1892 ஏப்ரல் 18ஆம் திகதி ஹூட்ரி அங்கே பிறந்தார். தகப்பனார் உருக்கு வேலைத் தொழிற்சாலை வைத்திருந்த வசதியான மனிதர். மகன் இயந்திரப் பொறியியல் படித்து, வகுப்பில் முதலாவதாக வந்து, 1911இல் அரசின் தங்கப் பதக்கத்தோடு வெளியேறினார். படிப்போடு நின்றவர் அல்லர். கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கும் அவர்தான் தலைவர்.

படிப்பு முடிந்ததும் தகப்பனாரின் தொழிலில் சேர்ந்தார். நேரான, வசதியான ஒரு பாதை அவருக்குப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. 1914இல் வந்த முதலாம் உலகப் போர் அந்தப் பாதையை மாற்றியது. முதலில் பீரங்கிப் படையிலும் பிறகு புதிதாக உருவான டாங்கிப் படையிலும் அவர் பணியாற்றினார்.

1917 ஏப்ரல் 16ஆம் திகதி ஜுவின்கூர் பகுதியில் பிரெஞ்சுப் படை முதன்முதலாக டாங்கிகளைச் சமரில் இறக்கியது. அந்த டாங்கிகளின் எரிபொருள் தாங்கிகள் எதிரியின் குண்டுக்கு எளிதில் அகப்படும் இடத்தில் இருந்தன. களமிறங்கிய டாங்கிகளில் பாதிக்கு மேல் இழக்கப்பட்டன. பல உள்ளே இருந்தவர்களோடு எரிந்து போயின. பழுதடைந்து நின்ற டாங்கிகளைக் கடும் எறிகணை வீச்சுக்கு நடுவில் திருத்தும் வேலையை ஹூட்ரி ஒழுங்குபடுத்தினார். அந்தத் துணிவுக்காக அவருக்குப் போர்ச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. படுகாயமும் அடைந்தார்.

எறிகணை விழும் இடத்தில் வாகனத்துக்கு அடியில் படுத்துக் கிடந்து வேலை செய்வது எப்படிப்பட்டது என்று எங்கள் ஊர் மெக்கானிக்குகள் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

பந்தயமும் பெற்றோலும்

போர் முடிந்து தொழிற்சாலைக்குத் திரும்பியவரின் மனம் கார்ப் பந்தயத்தில் போய் நின்றது. புகாட்டி கார் ஒன்று வைத்திருந்தார். அந்தக் காலத்தில் புகாட்டி என்றால் பந்தயத் திடலின் அரசன். 1922இல் அமெரிக்கா போய் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையையும் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தையும் பார்த்தார். அதே ஆண்டு திருமணமும் செய்தார்.

கார்களோடு பழகப் பழக அவருக்கு ஒன்று விளங்கியது. எஞ்சினை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அதற்குள் ஊற்றும் எரிபொருள் நல்லதாக இல்லாவிட்டால் பயன் இல்லை. பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை எஞ்சின் முதலில் அமுக்குகிறது. பிறகு பிளக் தீப்பொறி கொடுக்கிறது. நன்றாக அமுக்கினால் பலம் கூடும். ஆனால் தரம் குறைந்த எரிபொருள் அந்த அமுக்கத்தைத் தாங்காது. தீச்சுவாலை வந்து சேரும் முன்னே தானாக வெடித்து, எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போல ஓசை எழுப்பும். அந்தத் தட்டலைத் தாங்கும் திறனைத்தான் ஒக்ரேன் எண் காட்டுகிறது. எங்கள் எரிபொருள் நிலையங்களில் 92, 95 என்று எழுதியிருப்பது இதுவே.

பழைய ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியதன் இரகசியமும் இங்கேதான். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. பழைய கார்களின் எஞ்சின் அதிகம் அமுக்காது, ஆகவே அவை ஒருவாறு சமாளித்தன. புதிய கார் ஒன்றில் அதைச் செய்திருந்தால் எஞ்சின் சில நாட்களில் உடைந்திருக்கும்.

ஹூட்ரியின் பிரான்ஸுக்கும் எரிபொருள் ஒரு பெரிய பிரச்சினை. அங்கே எண்ணெய்க் கிணறுகள் இல்லை என்றே சொல்லலாம். இருந்தது பழுப்பு நிலக்கரி, நெய்வேலியில் தோண்டி எடுக்கும் அதே வகை. நீஸ் நகரத்து மருந்தாளர் ஒருவர் அதிலிருந்து பெற்றோல் எடுக்கும் ஒரு முறையைக் கண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, 1922 முதல் ஹூட்ரி அந்த முயற்சியில் இறங்கினார். சொந்தப் பணத்தையும் அதில் கொட்டினார். 1929இல் நாளுக்கு 60 தொன் பழுப்பு நிலக்கரியை மாற்றும் ஒரு சோதனை ஆலை இயங்கத் தொடங்கியது. கணக்குப் பார்த்தபோது வெளிநாட்டு எண்ணெயே மலிவாக இருந்தது. அரசாங்கம் உதவியை நிறுத்தியது. ஆலை மூடப்பட்டது.

ஆனால் அதற்குள் அவர் கைக்கு வேறொன்று வந்து சேர்ந்திருந்தது.

களிமண்ணின் வேலை

மசகு எண்ணெய் போன்ற தடித்த எண்ணெயின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றை உடைத்தால் பெற்றோல் கிடைக்கும். அந்நாளில் கடுமையான வெப்பமும் அமுக்கமும் கொடுத்தே அவற்றை உடைத்தார்கள். கிடைத்த பெற்றோல் குறைவு, தரமும் குறைவு. ஹூட்ரி நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்து, அமிலத்தால் பக்குவப்படுத்திய ஒரு வகைக் களிமண் அந்த உடைப்பை எளிதாக்குகிறது என்று கண்டார். சிலிக்காவும் அலுமினாவும் கலந்த பொருள் அது. அது எண்ணெயோடு கலந்து தீர்ந்துபோவதில்லை. அதன் மேற்பரப்பில் வேலை நடக்கிறது, அது அப்படியே மிஞ்சுகிறது. பாடசாலை இரசாயனவியலில் ஊக்கி என்று படித்தோமே, அதுதான்.

ஊக்கியின் எதிரி கரி. எண்ணெய் உடையும்போது களிமண்ணின் மேல் கரி படிந்து சில நிமிடங்களில் அதை மூடிவிடும். மற்றவர்கள் இந்த இடத்தில் கைவிட்டார்கள். ஹூட்ரி அந்தக் கரியை எரித்து நீக்கி ஊக்கியை மீண்டும் வேலைக்கு அமர்த்தினார். ஒரு தொட்டி வேலை செய்ய, இன்னொன்றில் கரி எரியும். ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவை மாறும். எரியும் கரியின் வெப்பமும் வீணாகாமல் ஆலைக்கே பயன்பட்டது. தான் செய்த பெற்றோலைத் தன் புகாட்டியில் ஊற்றித் தானே ஓட்டிச் சோதித்தார்.

பிரான்ஸில் இதற்குக் கை கொடுக்க ஆள் இல்லை. 1930இல் அமெரிக்காவின் வக்யூம் ஒயில் கம்பனி அவரை நியூ ஜேர்சிக்கு அழைத்தது. உலகமே பொருளாதாரச் சரிவில் கிடந்த காலம் அது. பணம் போதாதபோது 1933இல் சன் ஒயில் கம்பனியும் சேர்ந்து கொண்டது. தட்டலைக் குறைக்க மற்றக் கம்பனிகள் பெற்றோலுக்குள் ஈயச் சேர்மத்தைக் கலந்தன. சன் ஒயில் ஈயம் கலக்காமலே உயர்ந்த தரம் காட்ட முயன்ற கம்பனி. ஹூட்ரியின் முறை அதற்குப் பொருத்தமாக இருந்தது. 1937இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில் பெரிய ஆலை இயங்கியது. பழைய முறையில் எண்ணெயின் காற்பங்கு அளவே நல்ல பெற்றோலாக வந்த இடத்தில், ஹூட்ரியின் ஆலையில் ஏறத்தாழ அரைவாசி வந்தது.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போர் விமானங்களுக்கு 100 ஒக்ரேன் எரிபொருள் தேவைப்பட்டது. அமெரிக்காவில் அதற்கான அடிப்படைப் பெற்றோலைத் தந்ததில் ஹூட்ரியின் ஆலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. செயற்கை இறப்பருக்கு வேண்டிய பியூட்டடையீன் என்ற பொருளைச் செய்வதற்கும் அவர் ஊக்கி முறை ஒன்றைக் கொடுத்தார்.

நாடு பறிக்கப்பட்டவர்

1940இல் ஜேர்மனி பிரான்ஸைக் கைப்பற்றியது. விஷி நகரில் ஜேர்மனிக்கு இணங்கிய அரசு ஒன்று அமைந்தது. லண்டனுக்குத் தப்பிச் சென்ற தளபதி டி கோல் போரைத் தொடரும்படி அழைத்தபோது அதற்குச் செவிசாய்த்த அமெரிக்கவாழ் பிரெஞ்சுக்காரர்களில் ஹூட்ரி முதன்மையானவர். பிரான்ஸ் என்றென்றும் என்ற பொருள்படும் பெயரில் அமைந்த ஆதரவு இயக்கத்துக்கு அவர் தலைமை தாங்கினார். ஆலை வேலையோடு அரசியல் வேலையும் சேர்ந்தது.

1941இல் விஷி அரசு அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. போர்க்களத்தில் காயப்பட்டுப் பதக்கம் பெற்ற மனிதர், வெளிநாட்டில் இருந்துகொண்டு தன் நாட்டின் விடுதலைக்காகக் குரல் கொடுத்ததால் நாடற்றவரானார். 1942இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பிரான்ஸ் விடுதலை பெற்ற பின்னரும் அவருடைய வாழ்வும் வேலையும் அமெரிக்காவிலேயே தொடர்ந்தன. கடவுச்சீட்டு ஒன்று கையை விட்டுப் போனால் வாழ்க்கை எப்படித் திசை மாறும் என்பதை எங்கள் வாசகர்களில் பலர் சொந்த அனுபவத்தில் அறிவார்கள்.

தான் பெருக்கிய புகை

போருக்குப் பிறகு ஹூட்ரிக்கு அறுபது வயது நெருங்கியது. செல்வமும் பெயரும் சேர்ந்திருந்தன. அந்த வயதில் அவர் தலையிட்ட பிரச்சினை, அவருடைய சொந்த வெற்றியிலிருந்து பிறந்தது. நல்ல பெற்றோல் மலிவாகக் கிடைத்ததால் கார்கள் பெருகின. கார்கள் பெருகியதால் புகை பெருகியது. லொஸ் ஏஞ்சலஸ் நகரில் கண்ணை எரிக்கும் பழுப்பு நிறப் புகைமூட்டம் அடிக்கடி இறங்கியது. அதற்குக் காரணம் பெரும்பாலும் கார்ப் புகையும் வெயிலும் சேர்வதே என்று 1950களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் காட்டினார்கள். நுரையீரல் புற்றுநோய் கூடி வருவதற்கும் நகரக் காற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஹூட்ரி கவலைப்பட்டார்.

எஞ்சினுக்குள் எரிபொருள் ஒருபோதும் முழுதாக எரிவதில்லை. எரியாத மிச்சம் புகையோடு வெளியே வரும். பாதி எரிந்த கரி காபனோரொட்சைட்டு வாயுவாக வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்து கொள்ளும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விட்டு இருப்பவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோவது இதனால்தான்.

ஆலையில் களிமண்ணின் மேல் படிந்த கரியை எரித்து நீக்கியவருக்கு, புகைக்குழாயிலும் அதே வேலையைச் செய்யலாம் என்று தோன்றியது வியப்பில்லை. ஒக்ஸி கற்றலிஸ்ற் என்ற கம்பனியைத் தொடங்கினார். பீங்கான் கோல்களின் மேல் அலுமினாவையும் மிகச் சிறிதளவு பிளாற்றினத்தையும் பூசி, புகை அவற்றைத் தொட்டுக்கொண்டு போகும்படி வைத்தார். சூடான புகை அந்தப் பூச்சில் பட்டதும், மிச்சமிருந்த எரிபொருளும் காபனோரொட்சைட்டும் ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறின. இதற்கான காப்புரிமை 1956இல் கிடைத்தது.

இது புகையை வடிகட்டும் சல்லடை அன்று. நஞ்சைப் பிடித்து வைக்கும் பெட்டியும் அன்று. நஞ்சை வேறொன்றாக மாற்றும் இடம்.

மூடிய களஞ்சியங்களில் ஓடும் பாரம் தூக்கி வண்டிகளில் அவருடைய கருவி நன்றாக வேலை செய்தது. அவற்றுக்கு ஈயமற்ற எரிபொருள் ஊற்றினார்கள். வீதியில் ஓடும் கார்களில் மட்டும் அது தோற்றது. காரணம் ஈயம். 1923 முதல் பெற்றோலில் கலக்கப்பட்டு வந்த ஈயம் பிளாற்றினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. கரியை எரித்து நீக்கலாம், ஈயத்தை நீக்க முடியாது. ஈயமில்லாமல் உயர்தரப் பெற்றோல் செய்ய வழி காட்டியவரின் கடைசிக் கண்டுபிடிப்பை ஈயமே மறித்து நின்றது.

1962 ஜூலை 18ஆம் திகதி பென்சில்வேனியாவில் தனது 70ஆவது வயதில் அவர் காலமானார். தன் கருவி பொருத்திய கார்கள் வீதியை நிறைப்பதை அவர் காணவில்லை.

அவருக்குப் பிறகு

1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இறுக்கியது. 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து ஊக்கி மாற்றி பரவலாக வந்தது. அதற்காகவே ஈயமற்ற பெற்றோல் எரிபொருள் நிலையங்களுக்கு வந்தது. பீங்கான் கோல்களின் இடத்தைத் தேன்வதை போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி பிடித்தது. பிளாற்றினத்தோடு பலேடியமும் றோடியமும் சேர்ந்தன. 1970களின் இறுதியில் நைதரசன் ஒட்சைட்டுகளையும் சேர்த்து மாற்றும் மூவழி மாற்றி வந்தது. ஐரோப்பாவில் 1993 முதல் புதிய பெற்றோல் கார்களுக்கு இது நடைமுறையில் கட்டாயமாயிற்று.

இந்தப் பெட்டியால் கிடைத்த பெரிய நன்மைகளில் ஒன்று ஈயம் ஒழிந்தது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்தியா 2000இலும் இலங்கை 2002இலும் ஈயப் பெற்றோலை நிறுத்தின. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகில் கார்களுக்கான ஈயப் பெற்றோல் விற்பனை முடிவுக்கு வந்தது. ஹூட்ரியின் பெயர் 1990இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில்தான் எங்கள் ஊரில் கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின.

வெட்டினால் என்ன கிடைக்கும்?

இனி அந்தப் பெட்டியை வெட்டுவது பற்றி. அது புகையின் ஓட்டத்தை ஓரளவு மறிப்பது உண்மை. ஆனால் நல்ல நிலையில் உள்ள சாதாரணக் காரில் அந்த மறிப்பால் போகும் பலம் சொற்பம். வெட்டியவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றும்.

அடைபட்ட பெட்டி வேறு விடயம். 1980கள், 1990களின் மஸ்டா, ரொயோற்றா, ஹொண்டா ஸ்போர்ட்ஸ் கார்களில் உள்ள பெட்டிகள் இப்போது வயதானவை. அடைபட்டால் கார் ஏற்றத்தில் இழுக்காது, வேகம் பிடிக்காது, பெட்டி சிவக்கச் சூடேறும், சில வேளை கூழ் முட்டை மணம் வரும். ஆனால் பெட்டி தானாக அடைபடுவது அரிது. எஞ்சின் ஒயிலை எரிக்கிறதா, ஒரு பிளக் வேலை செய்யவில்லையா, பெற்றோல் அளவுக்கு மீறிப் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புகைக்குழாயின் பின்னமுக்கத்தை அளந்தால் பெட்டிதான் குற்றவாளியா என்பது தெரிந்துவிடும். அப்படியானால் மூலக் காரணத்தைத் திருத்திவிட்டு வேறு பெட்டி பொருத்தலாம். அந்தக் காருக்கென்றே செய்த பெட்டியின் விலை கட்டுப்படியாகாவிட்டால், எஞ்சினின் அளவுக்கு ஏற்ற பொதுவான பெட்டிகளும் உண்டு.

ஏறத்தாழ 1996இன் பின் வந்த பல கார்களில் பெட்டிக்குப் பின்னாலும் ஒட்சிசன் உணரி இருக்கும். பெட்டியை எடுத்தால் எஞ்சின் விளக்கு எரியும். பழைய கார்களில் பெரும்பாலும் அந்த எச்சரிக்கையும் இல்லை. வெட்டி ஒட்டிய குழாயின் மூட்டு கசிந்தால், மாற்றப்படாத காபனோரொட்சைட்டு காரின் அடியிலிருந்து உள்ளே ஏறும். ஓட்டுபவருக்கு அது தெரியாது. தலையிடியும் சோர்வும் வெயிலால் வந்தவை என்றே அவர் நினைப்பார்.

சட்டமும் இருக்கிறது. இலங்கையில் 2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. வருமான வரிப்பத்திரம் புதுப்பிக்க அது தேவை. பிரித்தானியாவில் பெட்டியோடு வந்த காரில் பெட்டி இல்லாவிட்டால் வருடாந்தச் சோதனையில் சித்தியடையாது. கனடாவின் ஒன்ராறியோவிலும் அதைக் கழற்றுவது குற்றம்.

தீவகத்தில் கடற்காற்று எப்போதும் வீசுகிறது, புகை எங்கே தங்கப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. லொஸ் ஏஞ்சலஸ் போன்ற புகைமூட்டம் நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வராது. ஆனால் நாங்கள் சுவாசிப்பது தீவின் காற்று முழுவதையும் அன்று, மூக்குக்கு முன்னால் இருக்கும் காற்றை மட்டுமே. பாடசாலை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் வாகனத்தின் பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருக்கும் வரிசைக்குப் பக்கத்தில் வான்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. வீட்டு முன் விறாந்தையோடு ஒட்டிய கராஜில் காரைச் சூடேற்றுகிறார்கள். அந்த இடங்களைக் கடற்காற்று வந்து கழுவும் வரை நுரையீரல் காத்திருப்பதில்லை.

பெட்டியோடு வாழ்வதற்கும் ஒரு கவனம் வேண்டும். ஓடி வந்து நின்ற காரின் ஊக்கி மாற்றி நெருப்புப் போலச் சூடாக இருக்கும். கோடையில் காய்ந்த புல்லின் மேலோ பனையோலைச் சருகின் மேலோ காரை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலை ஊற்றினாலும் பெட்டி கெடும்.

பெட்டியே இல்லாமல் பிறந்த மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்றைப் பொருத்த வேண்டியதில்லை. கார்பரேற்றரைச் சரியாக வைத்து, ஒயில் எரியாமல் பார்த்துக்கொண்டாலே புகையில் பெரும்பகுதி குறையும். மீனவர்களின் வெளியிணைப்பு எஞ்சின்கள் இன்றும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் அந்த மண்ணெண்ணெயும் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. அவர்களிடம் பிளாற்றினப் பெட்டி கேட்பது நியாயமில்லை. கேள்வி, பெட்டி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அதை எடுத்தெறிவது பற்றியது.

தடைக் காலத்தில் எங்கள் மெக்கானிக்குகள் கழற்றியதும் மாற்றியதும் வேறு வழி இல்லாததால். அந்தப் புகையைச் சுவாசிக்கவும் வேறு வழி இருக்கவில்லை. அடுப்பிலும் குப்பி விளக்கிலும் வீதியிலும் அதே புகைதான். இன்று வழி இருக்கிறது. வேகத்தை யாரும் கைவிட வேண்டியதில்லை, ஹூட்ரியும் அதைக் கைவிட்டவர் அல்லர். புகாட்டி ஓட்டிய அதே மனிதர்தான், பின்னால் வருபவர் எதைச் சுவாசிக்கிறார் என்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பெட்டியை வெட்டித் தரும்படி கேட்டு வரும் இளைஞரிடம் ஏன் கூடாது என்பதை எடுத்துச் சொல்லக்கூடிய மெக்கானிக்குகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.